வேண்டாம் என்று சொன்னவர்கள்

...தண்ணீர் உறைகிற குளிர் என்று போட்டிருக்கிறது, அந்தக் குளிரில் ரப்பர் விறைத்துப்போகும், விறைத்த ரப்பர் இடுக்கை அடைக்காது, இடுக்கு வழியாக நெருப்பு வெளியே வரும், இவ்வளவுதான் விஷயம், இதை அந்த எஞ்சினியர்கள் முந்தின நாளே சொல்லிவிட்டார்கள், நாளைக்கு வேண்டாம் என்று... கோதண்டபாணி பேப்பரை மடித்தார், மனசு கேட்காமல் மறுபடி விரித்தார். ஆம்பூரில் ஏறின பஸ் மாதனூரைத் தாண்டிவிட்டது, ஜன்னல் காற்று பேப்பரைப் பிடுங்கியது. தோல் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம், அதில் பத்து வருஷம் மேஸ்திரி, படிப்பு எட்டாவதோடு சரி, ஆனால் ராக்கெட் சமாச்சாரம் எங்கே வந்தாலும் விடமாட்டார், அது தெரிந்துதான் தோல் சுற்றுகிற டிரம்மை ஓட்டுகிற நயீம் அகமது இந்தப் பக்கத்தை எடுத்து வைத்திருந்து காலையில் கொடுத்தான், ஜனவரியில் ஏழு பேரோடு வெடித்ததே, அதைப் பற்றின கமிஷன் அறிக்கை. போகிற வழியில் படிச்சிக்கோ என்று சொன்னான், வேறொன்றும் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை, இன்றைக்கு வேலூரில் எதற்காக விசாரணை என்று அவனுக்குத் தெரியாதா, கழிவுத்தொட்டியில் இறங்கிச் செத்த சின்னசாமியை மேலே கொண்டுவந்தவனே அவன்தானே, அந்த விஷக்காற்றில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன்.

முன் சீட்டில் ஜெயம்மாள் உட்கார்ந்திருந்தாள், சின்னசாமியின் சம்சாரம், அவளையும் இன்றைக்குத்தான் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஏறும்போதே பார்த்துவிட்டாள், தலையை ஆட்டினாள், அவரும் ஆட்டினார், அதற்கப்புறம் அவள் திரும்பவில்லை. பின்னங்கழுத்து மட்டும் தெரிந்தது, மூன்று மாசத்தில் ஒரு மனுஷி இவ்வளவு இளைப்பாளா... எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள் என்று அந்த ராக்கெட் கம்பெனியில் ஒருத்தரிடம் சொன்னார்களாம், அவரும் போட்டுக்கொண்டாராம். மேனேஜர் ராஜகோபால் நேற்று கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, "அவனா எறங்கிட்டான்னு சொல்லிடு கோதண்டம், யாருக்கும் பேஜார் இல்ல." கோதண்டபாணி உட்காரவில்லை. சொல்லமாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன், வேண்டாம் சார் என்று நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான், நான் அந்த எஞ்சினியர்கள் கட்சி, தொப்பி மாற்றினவன் கட்சி இல்லை. மார்ச் மாசத்திலிருந்து இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார், சாப்பிடுகிறார், சம்சாரம் செல்லம்மாளிடம் சொன்னார், நயீமிடம் சொன்னார், அவனுக்கு வார்டில் ஊசி போட வந்த நர்ஸிடம்கூடச் சொன்னார், சொல்லச் சொல்ல அது நீண்டுகொண்டே வந்தது, முதலில் வேண்டாம் சார், அப்புறம் உள்ளே கேஸ் இருக்கும் வேண்டாம் சார், போன வாரம் யாரிடமோ சொல்லும்போது நீ மேஸ்திரியா டாக்டரா என்று ராஜகோபால் திருப்பிக் கேட்டதும் சேர்ந்துகொண்டது... அப்படிக் கேட்டாரா? கேட்கக்கூடியவர்தான்.

பள்ளிகொண்டாவில் டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போனார். ஜெயம்மாளும் இறங்கினாள், சுற்றி வந்து அவருடைய ஜன்னலுக்குக் கீழே நின்றாள். "பேப்பர்ல இன்னாண்ணா போட்டுகிறான்?"

"அந்த ராக்கெட் வெடிச்சிதே ஜெயா, டீச்சரம்மாகூட ஒருத்தங்க போனாங்களே, அது."

"நீங்க சொல்ற கதையெல்லாம் வூட்டுக்கு வந்து சொல்வாரு. ரஷ்யாக்காரன் மூணு பேரு ஒக்காந்தாப்லயே செத்துட்டாங்களாமே."

எழுபத்தொன்றில் நடந்தது அது, டீக்கடை ரேடியோவில் கேட்டது, இருபத்து மூன்று நாள் மேலே இருந்துவிட்டுச் சொன்ன நேரத்துக்கு இறங்கியும் விட்டார்கள், கதவைத் திறந்தால் மூன்று பேரும் தூங்குகிறவர்கள் மாதிரி இருக்கையில், ஒரு சின்ன வால்வு திறந்துகொண்டு உள்ளேயிருந்த காற்றெல்லாம் போயிருந்தது, மூன்று பேர் உட்கார இடம் பத்தாது என்று கவச உடுப்பு போடாமலே அனுப்பினார்களாம். ஸ்கைலாப் என்கிற விண்வெளிக்கூடம் மேலேயிருந்து விழப்போகிறது என்று ஊரே பயந்த வருஷம் நம்ம டேனரி மேல விழுமா மேஸ்திரி என்று சின்னசாமி கேட்டான், அன்றைக்குத்தான் இந்த மூன்று பேர் கதையை அவனுக்குச் சொன்னது. எண்பத்து நாலில் நம்ம ஆள் ஒருத்தர் மேலே போனபோது கம்பெனி ஆபீஸ் டி.வி. முன்னால் நின்றுகொண்டு காதோடு கேட்டான், இவருக்கு உடுப்பு குட்த்திருக்காங்களா மேஸ்திரி. கொடுத்திருக்கிறார்கள், மூன்று பேர் செத்ததற்கு அப்புறம் கொடுத்தார்கள். காற்று எவ்வளவு முக்கியம் என்று அவனுக்கு அவ்வளவு விவரமாகச் சொன்ன நான்...

"அவங்களுக்கு வேணாம்னு சொல்ல யாரும் இல்லியாண்ணா?" ஜெயம்மாள் கேட்டாள். இதை ஏன் கேட்கிறாள், தெரிந்து கேட்கிறாளா?

"இந்த ராக்கெட்டுக்குச் சொன்னாங்கம்மா. மேல இருக்கறவங்க கேக்கல."

"எங்க வூட்டுக்காரருக்கு?"

"நான் சொன்னேம்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "அது போதும்ணா. அத்த மட்டும் அங்க சொல்லிடுங்க. ஒருத்தராச்சும் சொன்னாங்கன்னு இருக்கட்டும்." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய் ஏறிக்கொண்டாள்.

அப்புறம் பேப்பரைப் படிக்க முடியவில்லை. வெயில், புளியமரம், மறுபடி வெயில். அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும், தொட்டியின் வாய்க்கால் அடைத்துக்கொண்டு கறுப்புத் தண்ணீர் முற்றமெல்லாம் திரும்பி வந்தது, ஏற்றுமதிச் சரக்கு நனைந்துவிடும் என்று ராஜகோபால் மூக்கில் கைக்குட்டையோடு தூர நின்று கத்தினார், அஞ்சு நிமிஷ வேலை, யாராச்சும் எறங்குங்க. இருந்த ஒரே முகமூடி ஆணியில் தொங்கித் தொங்கி ரப்பர் வெடித்துக் கிடந்தது. சின்னசாமி சட்டையைக் கழற்றினான். உள்ளே போனதும் அவன் குரல் வந்தது, "நாத்தமே தெரியல மேஸ்திரி, ஒண்ணுமில்ல", அது நல்ல சேதி என்றுதான் எல்லோரும் நினைத்தோம், அந்த வாயு முதலில் மூக்கைத்தான் கொல்லும் என்று டாக்டர் சொன்னது சாயங்காலம். அதற்கப்புறம் குரல் வரவில்லை.

வேலூரில் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அதிகாரி சாதுவான மனுஷர், உட்காருங்க என்றார், பக்கத்தில் ஒரு பெண் டைப் அடிக்கக் காத்திருந்தாள். ஜெயம்மாள் கதவோரப் பெஞ்சில் இருந்தாள்.

"அந்த ஆள் அவரா எறங்கினாரா?"

"இல்ல சார். மேனேஜர் எறங்கச் சொன்னாரு."

சொல்லியாகிவிட்டது, வேலை போய்விடும், போகட்டும், நெஞ்சு லேசானது, இவ்வளவு சுலபமா இது...

"நீங்க தடுத்தீங்களா?"

"வேணாம்னு சொன்னேன் சார்."

டைப்ரைட்டர் அதை அடித்தது. பெஞ்சிலிருந்து ஜெயம்மாள் இரண்டு கையையும் கூப்பினாள், அவரைப் பார்த்து, சத்தமில்லாமல்.

"அப்போ நீங்க எங்க நின்னீங்க?"

"தொட்டி வாயில சார்."

"பாதுகாப்புக்குக் கயிறு கட்டியிருந்தாங்களா? யார் புடிச்சிருந்தது?"

"நான்தான் சார்."

நல்லது என்பதுபோல் அதிகாரி தலையை அசைத்தார், அதையும் அந்தப் பெண் அடித்தாள். கோதண்டபாணி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். வேண்டாம் சார் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, தலையை மட்டும் திருப்பி, தோளுக்கு மேலாக, கைக்குட்டைக்காரரிடம், சொல்லும்போது கயிறு உள்ளங்கையில் உரசிக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தது... போய்க்கொண்டிருந்ததா? அதற்கு முன்னாலும் சொல்லியிருப்பேன். கட்டாயம் சொல்லியிருப்பேன். அவன் சட்டையைக் கழற்றின நேரம், அவன் திரும்பி என்னைப் பார்த்த நேரம், அப்போது நான் என்ன சொன்னேன்? தேடிப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்கிற சொல் வருகிறபோது கயிறும் கூடவே வந்தது, கை காலியாக இருக்கிற ஞாபகம் ஒன்றுகூட இல்லை.

"வேற ஏதாவது சேக்கணுமா சார்?" டைப் அடிக்கிற பெண் கேட்டாள்.

ஜெயம்மாள் கூப்பின கையை இன்னும் இறக்கவில்லை.

"இல்லம்மா" என்றார். தாளை அவர் பக்கம் தள்ளினார்கள், காட்டின இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டார், கோ என்று எழுதி அதன் துணைக்காலை இழுக்கும்போது ஒரு கேள்வி மட்டும் உள்ளே நின்றது, சரி, கயிற்றை நான் பிடித்திருந்தேன், அவன் இடுப்பில் அந்த முடிச்சைப் போட்டது யார்?