வெற்றிலைச் செல்லம்

ஜாவாத் தீவின் பத்தாவியா நகரில், டச்சுக்காரர் வீட்டு எசமானியம்மாளுக்கு வெற்றிலைச் செல்லம் தூக்கும் அடிமை சுகர்த்தி. வயது இருபது. பாலித் தீவிலிருந்து அவளையும் தங்கை சாசியையும் ஒரே கப்பலில் கொண்டுவந்து விற்றார்கள். தங்கைக்குச் சமையலறையில் வேலை.

செல்லம் தூக்குகிறவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மத்தியானம் அம்மாள் உறங்கும்போது எசமானின் பூட்ஸைக் கழற்ற வேண்டும். குனிந்தால் அந்தப் பாவியின் கை கழுத்தில் வந்து விழும். இந்த வாரம் அவன் வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை அவ கோயிலுக்குப் போவா. நீ வயித்துவலின்னு படுத்துக்க."

யாரிடம் போய்ச் சொல்வது? இவளுக்கு முன்னால் செல்லம் தூக்கியவள் அம்மாளிடம்தான் அழுதாள். எய்தவன் இருக்க அம்பை நொந்த கதையாக, அம்மாள் அவளைப் பிரம்பால் விளாசிக் கரும்பாலைக்கு விற்றுவிட்டாள்.

சனிக்கிழமை சுகர்த்தி புளித்த இறால் விழுதை அள்ளித் தலையில் தேய்த்துக்கொண்டாள். கிராம்பும் ஏலமும் மணக்க வேண்டிய இடத்தில் கருவாட்டுக் கடை வந்து நின்றால் எந்த எசமானி பொறுப்பாள்? அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைச் சமையலறைக்கு விரட்டினாள். பிழைத்தோமடா சாமி என்று சுகர்த்தி மூலையில் உட்கார்ந்து சிரித்தாள்.

செல்லத்தை யாராவது தூக்கித்தானே ஆக வேண்டும்? அந்த யோசனை அவளுக்கு வரவே இல்லை.

ஞாயிறு காலையில் சாசி புதுக் கைலியும் கையில் செல்லமுமாக, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாள்.

"அக்கா, இனிமே நான்தான். ஆனா எசமான் என்னமோ சொல்றாரு. இன்னிக்குக் கோயிலுக்குப் போகாம வயித்துவலின்னு படுத்துக்கணுமாம். எதுக்குக்கா?"

சுகர்த்தி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயோ, தன் கையாலேயே தங்கையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாளே!

"உனக்கில்லடி. வயித்துவலி எனக்குத்தான். நீ அம்மா கூடவே போ, அவங்க பிடிக்கிற கொடை நெழல விட்டு அந்தாண்ட நகராத."

இருவரும் வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே எசமான் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. இந்த நாற்றத்தோடு போனால் விரட்டிவிடுவான். விரட்டினால் நாளைக்குச் சாசிதான். கிணற்றடிக்குப் போய் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தலையில் தேய்த்தாள், அழுதுகொண்டே. மூன்றாவது வாளித் தண்ணீரில் நாற்றம் போய்விட்டது.