பலகையில் வைக்காத கை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஒரு மத்தியானம், வரிசை நகராத எரிச்சலில், அம்பிகையக்கா எனக்குச் சொன்னது. நான் அங்கே அரிசி, பருப்பு நிறுத்துக் கொடுப்பவன். மாலையில் வேலணையில் நடக்கும் தமிழ் வகுப்புக்குப் போகிறேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருப்பதால் கதையும் எழுத வரும் என்று நினைத்துவிட்டேன். இரண்டும் ஒன்றல்ல என்பது மூன்றாவது தொடக்கத்தை வெட்டியபோது தெரிந்தது.

வெட்டியவற்றை மறைக்கவில்லை:

[வானம் கறுத்திருந்தது. கடல் குமுறியது.] எல்லாக் கதையிலும் கடல் குமுறுகிறது.

[அம்பிகை தன் ஊரைக் காப்பாற்றப் புறப்பட்டாள்.] அவர் அப்படிப் புறப்படவில்லை. அந்த நேரம் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாராம்.

[எண்பத்தைந்தாம் ஆண்டு கார்த்திகையில், எங்கள் ஊரில் ஒரு மதகு இருந்தது.] இதில் பிழை எதுவும் தெரியவில்லை. ஆனால் அடுத்த வசனம் ஒரு கிழமையாக வரவில்லை.

2

ஆகவே வசனத்தை விட்டுவிட்டு மதகைச் சொல்கிறேன்.

எங்கள் தீவில் நல்ல தண்ணீர் என்றால் மழைத் தண்ணீர்தான். அது கடலுக்கு ஓடிவிடாமல் கரையோரமாக ஒரு மண் அணை உண்டு. அணையில் ஒரு மதகு, அதை மூட ஒரு பனம்பலகை. தண்ணீர் தேங்கி நின்றால் தோட்டக் கிணறுகள் கோடைவரை தாங்கும். பலகையை எழுப்பி ஓடவிட்டால் பங்குனியிலேயே உப்பேறிச் சவராகிவிடும். ஆனால் தேங்கிய தண்ணீரின்மேல் பெருமழை விழுந்தால், அணையடியில் இருக்கும் மண்வீடுகள்தான் முதலில் கரையும்.

அப்படி ஒரு வீட்டில் மரியநாயகி இருந்தார். காணி கொழும்பில் இருக்கும் ஒருவருடையது. "சுவர் நிக்குமட்டும் இருங்கோ" என்று அவர் எப்போதோ வாயால் சொன்னதுதான் உறுதி. சுவர் விழுந்தால் அந்த நிலத்தில் இருக்கும் உரிமையும் விழும். இந்தக் கதையில் பணயம் அந்தச் சுவர்.*

பலகையை எழுப்ப இரண்டு பேர் போதும். ஆனால் தோட்டக்காரர் எல்லாரும் வந்து அதில் ஆளுக்கொரு கை வைக்கவேண்டும். பாரத்துக்காக அல்ல. பிறகு கிணறு சவரானால் "நீதானே எழுப்பினாய்" என்று எவரும் எவரையும் கேட்கக்கூடாது என்பதற்காக. ஒரு கை குறைந்தாலும் பலகை எழும்பாது.

(* பணயம் என்ன என்பதைக் கதாசிரியர் வெளிப்படையாகச் சொல்லக்கூடாது என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்குப் பயம். நீங்கள் தவறவிட்டால் என்ன செய்வது?)

3

அம்பிகையக்கா எங்கள் ஊர்ச் சங்கத்தின் வெள்ளத் தொண்டர். சம்பளமில்லை. வானொலியில் வரும் வானிலையைக் கேட்பார், பள்ளிக்கூடக் கதவின் திறப்பை வாங்கி வைப்பார், எந்த வீடு பள்ளம், எந்த வீட்டில் நடக்க ஏலாதவர் இருக்கிறார் என்று தெரிந்து வைத்திருப்பார். பிறகு வீட்டுக்கு வீடு படலை படலையாகப் போய்ச் சொல்வார்.

"அங்கை, வானொலிப் பெட்டி சைக்கிளிலை வருகுது" என்று வாசிகசாலைப் பெடியள் கத்துவார்கள்.

"பற்றறி போட்டிருக்கு, கவனம்" என்று இவர் திருப்பிச் சொல்வார்.

இது எண்பத்துநாலு வரைக்கும். அந்தக் கார்த்திகையில் தாழமுக்கம் வருகிறதென்று இவர் சொல்ல, தோட்டக்காரர் கூடிக் கை வைத்துப் பலகையை எழுப்பினார்கள். தேங்கிய தண்ணீர் முழுவதும் கடலுக்குப் போனது. புயல் வேறு பக்கம் திரும்பியது. அதன்பிறகு மழையும் இல்லை. பங்குனியில் கிணறுகள் சவர். மிளகாய்க் கன்று கருகியது. ஆழ்வாப்பிள்ளையின் கிணறுதான் மோசம். அவருக்குக் குருநாகலில் கடை இருந்தது. எண்பத்துமூன்று கலவரத்தில் அது எரிந்தபின் இந்தத் தோட்டம் ஒன்றுதான் மிச்சம்.

பெடியள் அதற்குப் பிறகு கத்தவில்லை. [அதுதான் அம்பிகைக்கு அதிகம் வலித்தது] என்று எழுதி வெட்டினேன். அவர் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது.

4

அடுத்த வருடமும் தாழமுக்கம் வந்தது. காலையிலேயே அம்பிகையக்கா எல்லாத் தோட்டங்களுக்கும் சொல்லி முடித்தார். மதகடியில் ஆட்கள் சேர்ந்தார்கள். ஆழ்வாப்பிள்ளை மட்டும் வரவில்லை. இவர் அவரைக் கூப்பிடப் போனார்.

இந்த இடத்தை எனக்குக் கற்பனையாக எழுத வரவில்லை. அவர் சொன்னபடியே வைக்கிறேன்.

"வாரும் பிள்ளை, இரும்" என்று ஆழ்வாப்பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டார். "சீதேவி, பிள்ளைக்குத் தேத்தண்ணி."

"நேரமில்லை அண்ணை. அங்கை எல்லாரும் நிக்கினம்."

"நிக்கட்டும். முதலிலை குடியும்."

தேத்தண்ணி வந்தது. பால் திரைந்து மேலே மிதந்தது. முதல் மழை விழுந்தும் அந்தக் கிணறு இன்னும் மாறவில்லை.

"சீனி காணுமோ?"

"காணும் அண்ணை."

"போன முறையும் நீர்தான் வந்தனீர். நானும் வந்து கை வைச்சனான். உம்மை நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை, சொன்னனானோ?"

"இல்லை."

"இந்த முறை நிச்சயமோ?"

அம்பிகையக்கா கோப்பையைப் பார்த்தபடி, "வந்தாலும் வரும் அண்ணை" என்றார்.

"வராட்டி?"

"வராட்டி... வராது."

"அப்ப பின்னேரம் வரைக்கும் பாப்பம்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவர் கோபமாகச் சொல்லவில்லை.

அவர் மனைவி சீதேவியக்கா வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டு, "குறை நினையாதையும், எங்களுக்கு இப்ப இதுதான் தண்ணி" என்றாராம்.

அம்பிகையக்கா மதகடிக்குத் திரும்பி, "அவர் பின்னேரம் பாப்பமாம்" என்றார். எல்லாரும் கலைந்தார்கள். அணையடி வீடுகளின் ஆட்களை அவர் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். மத்தியானம் மழை பிடித்தது. பின்னேரம் மதகுக்குப் போக வழியே இருக்கவில்லை.

5

வகுப்பில் வாசித்தபோது லியோன் கேட்டான். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வேலை செய்பவன், கடைசி வாங்கில் இருந்து பனங்கிழங்கு சப்புவான்.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை."

"சுவர் விழுந்த கதையை ஆரடாப்பா வாசிக்கிறது? ஒரு குழந்தையையாவது கொல்லு."

கொன்றேன். அந்தப் படியை அம்பிகையக்காவிடம் கொடுத்தேன். அவர் கடை வாசலிலேயே நின்று வாசித்துவிட்டு, என் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் குழந்தையை வெட்டினார்.

"எல்லாரையும் நான் பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் விட்டனான். அது ஒண்டுதான் நான் ஒழுங்காச் செய்தது. அதையும் ஏன் தம்பி எடுக்கிறீர்?"

பிறகு முடிவுகளைக் காட்டினேன்.

முதல் முடிவு: ஆழ்வாப்பிள்ளை கடைசி நிமிடத்தில் ஓடிவந்து கை வைக்கிறார். பலகை எழும்புகிறது. மரியநாயகியின் சுவர் நிற்கிறது.

"அவர் ஓடுற ஆள் இல்லை" என்றார்.

இரண்டாவது: அம்பிகை வழக்கத்தை மீறித் தானே பலகையை எழுப்புகிறாள். புயல் வரவில்லை. மரியநாயகியின் சுவர் நிற்கிறது. ஊர் அம்பிகையை ஒதுக்குகிறது.

இதை இரண்டு தரம் வாசித்தார். "இது நல்லாயிருக்கு. இதிலை அவ இருக்கிறா, அந்த மனிசி. தன்ரை வீட்டிலை இருக்கிறா." தாளை மடித்து என்னிடமே தந்தார்.

மூன்றாவது, நடந்தது: சுவர் கரைந்தது. தண்ணீர் வடிந்ததும் கொழும்பிலிருந்து ஆள் வந்து வேலி அடைத்தான். மரியநாயகி பிள்ளைகளோடு ஊர்காவற்றுறைக்கு, தமையன் வளவுக்குப் போனார்.

"தாழமுக்கம் வாறது ஒருத்தருக்கும் நிச்சயமாத் தெரியாதுதானே அக்கா" என்றேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்தேன்.

"அதில்லை தம்பி. நான் அவரோடை வானிலையைத்தான் கதைச்சனான். அந்தக் கதிரையிலை இருந்து எழும்புமட்டும் மரியநாயகியின்ரை பேரை நான் சொல்லேல்லை. சொல்லியிருந்தா அவர் வந்திருப்பார். ஆளை எனக்குத் தெரியும்."

சொல்லியிருந்தாலும் அவர் வராமல் இருந்திருக்கலாம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.* பெயரை ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. அந்தத் தேத்தண்ணியைக் குடித்தபின் யாருக்கு வாய் வரும் என்று எனக்கே பதில் எழுதிக்கொண்டேன். அது சரியான பதில்தானா என்று தெரியாது.

அந்த மாரியோடு அவர் தொண்டர் வேலையை விட்டுவிட்டார். பள்ளிக்கூடத் திறப்பைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்தார். அந்த இடத்துக்கு வேறொருவர் இன்னும் வரவில்லை.

(* ஆழ்வாப்பிள்ளையைக் கெட்டவராக்கினால் கதை எழுதுவது சுகம். முயன்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் குருநாகல் கடை குறுக்கே வந்தது.)

6

போன சனிக்கிழமை பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போனேன். மரியநாயகியிடம் வாசித்துக் காட்டாமல் அவருடைய சுவரைப் பற்றி எழுதுவது சரியில்லை என்று பட்டது. தமையனின் வளவு இறங்குதுறைக்குக் கிட்ட. ஓலைக் கொட்டில். பின்னால் கடல்.

அவர் மீன் வெட்டியபடி கேட்டார். மூன்றாம் பகுதிவரை வாசித்தேன்.

"காணும்" என்றார். "மிச்சம் எனக்குத் தெரியும்தானே."

"முடிவு மூண்டு இருக்கு அக்கா. நீங்கள் ஒண்டு சொன்னால்..."

"முடிவை வைச்சு நான் என்ன செய்யிறது?" செதில் ஒட்டிய கையால் கடலைக் காட்டினார். "உது போன மாரி வாசல்மட்டும் வந்தது. இஞ்சை வந்து சொல்ல எங்களுக்கு ஆரும் இல்லை. அங்கையெண்டா அந்தப் பிள்ளை வந்து சொல்லும். அம்பிகையை ஒருக்கா வந்து பாக்கச் சொல்லும். நான் கேட்டனான் எண்டு சொல்லும்."

"கோபமில்லையோ?"

"கோபம் வேறை" என்றுவிட்டு மீனைத் திருப்பிப் போட்டார்.

இன்று வியாழன். அம்பிகையக்கா கடைக்கு இரண்டு தரம் வந்து போய்விட்டார். நான் சீனி நிறுத்துக் கொடுத்தேன். சொல்லவில்லை. போனால் அவர் மறுபடியும் யாரோ ஒருவரின் கதிரையில் இருக்கவேண்டி வரும். போகாவிட்டால் அதையும் சுமப்பார். எதுவானாலும் சொன்னவன் நானாவேன். [எனக்கு இப்போது புரிகிறது, அன்று அவர் ஏன்]

இல்லை. புரிந்ததாக எழுதிவிட்டால் கதை முடிந்துவிடும். கதை முடிந்தால் நான் எழும்பிப்போய்ச் சொல்லவேண்டும். அதனால்தான் முடிக்காமல் இருக்கிறேன். இதைக் கதையின் உத்தி என்று வகுப்பில் சொல்லப்போகிறேன். உங்களிடம் அப்படிச் சொல்ல ஏலாது.

நீங்கள் எங்கள் பக்கத்தவராயின், நான் சொல்வதற்குள் அவரைக் கண்டால், நீங்கள் சொல்லிவிடுங்கள். மழைக் கதையில் தொடங்கவேண்டாம். முதலில் மரியநாயகியின் பெயரைச் சொல்லுங்கள்.