மரத்துப்போன கால்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை வாசலுக்குப் போன வீரையனின் இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. சுடுகிற சிமென்ட் தரையில் வெறுங்காலை வைத்தபடியே நடந்து, முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தான். அடுப்படியிலிருந்து அதைப் பார்த்த அவன் மனைவி அனுசுயா அவன் பின்னாலேயே கட்டில்வரை போனாள்.

கொரோனா இரண்டாவது முறையாக ஊரைச் சுற்றி வளைத்திருந்த மே மாதம் அது. மீன்பிடித் தடைக்காலம் வேறு. நாகப்பட்டினத்தில் படகுகள் எல்லாம் கரையோடு கட்டிக் கிடந்தன. விசைப்படகு ஓட்டுகிற வீரையன், மூச்சுத் திணறி, ஆக்சிஜன் வைத்து, பாதி ஆளாக இளைத்துத்தான் பிழைத்து வந்திருந்தான். வந்ததிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. படுப்பான், எழுவான், சுவரைப் பார்த்துத் திரும்புவான். அந்தப் புழுக்கத்திலும் போர்வையை இடுப்புக்குக் கீழே விடாமல் போர்த்தியிருந்தான்.

“காலைக் காட்டுங்க” என்றாள்.

படுத்தே கிடந்ததில் மரத்துப்போய்விட்டது என்று அவன் சமாளித்தான். அவள் போர்வையை விலக்கினாள். வலது கால் எப்போதும் போல இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே வெளுத்து, விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. தொட்டாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் போல இருந்தது. கிளம்பலாம் என்றாள். அவன் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“அங்க போனா திரும்ப மாட்டேன் அனு. பக்கத்துக் கட்டில்காரர் பேசிக்கிட்டே இருந்தாரு, அப்படியே போயிட்டாரு. நான் பாத்தேன்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா உசுரு இருக்கிற கால் இப்படிக் குளிராது.”

ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை. கூப்பிட்ட இடத்திலெல்லாம் ஆக்சிஜன் நோயாளிகளுக்கே வண்டி போதவில்லை என்றார்கள். அனுசுயாவின் தம்பி ரஞ்சித், மீன் ஏற்றுகிற தன் குட்டியானை வேனைக் கொண்டுவந்தான். வழியிலேயே ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். ரத்தக்குழாய் பார்க்கிற டாக்டர் தஞ்சாவூரில்தான் இருக்கிறார், ஒரு நிமிஷமும் நிற்காமல் போங்கள் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். திருவாரூர் தாண்டுவதற்குள் ஊரடங்கு என்று இரண்டு இடத்தில் போலீஸ் மறித்தது. இரண்டு இடத்திலும் அனுசுயா போர்வையைத் தூக்கிக் காட்டினாள். வழி விட்டார்கள்.

இருபுறமும் தண்ணீருக்குக் காத்திருக்கிற தரிசு வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. வீரையன் அப்போதுதான் சொன்னான்: கால் வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே வரவேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே நர்சம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நேற்று சாயங்காலமே வலி எடுத்துவிட்டது. பயத்தில் மறைத்துவிட்டான். அனுசுயாவுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தேய்க்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையை வைப்பதும் எடுப்பதுமாக வந்தாள்.

தஞ்சாவூர் டாக்டர் விஜயலட்சுமி கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, காலுக்குப் போகிற பெரிய குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார். கொரோனா நெஞ்சுச் சளியோடு போய்விடுகிற காய்ச்சல் இல்லை, சிலருக்கு ரத்தத்தையே கெட்டியாக்கிவிடுகிறது என்று விளக்கினார். கால் தங்குமா என்று அனுசுயா கேட்டாள்.

“அடைப்ப எடுத்துடலாம்மா. ஆனா தாமதமா வந்திருக்கீங்க. எவ்வளவு தங்கும்னு அப்புறம்தான் சொல்ல முடியும்.”

ஆபரேஷன் நடந்தபோது அவளால் உட்கார முடியவில்லை. வாசலில் வேப்பமரத்துக்கும் கேட்டுக்குமாக நடந்தாள். ரஞ்சித் வாங்கி வந்த டீ ஆறிப்போனது. உள்ளிருந்து யார் வந்தாலும் ஓடினாள். எல்லாரும் வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள்.

கால் தங்கியது. இரண்டு விரல்கள் கறுத்துப்போய், அவற்றை எடுக்க வேண்டியதாயிற்று. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள்.

ஆவணியில் அவன் கடலுக்குப் போகிறேன் என்று நின்றான். அலையில் படகு ஆடும்போது விரல்கள்தான் பலகையைப் பிடிக்கும். அதில் இரண்டு இல்லாமல் எப்படி நிற்பீர்கள் என்று அவள் சண்டை போட்டாள். டாக்டரம்மாவுக்கு போன் செய்து கேட்டாள். ஸ்டீயரிங் பிடிக்கலாம், மாத்திரை சாப்பிடுகிறவரை கத்தியும் மீன் முள்ளும் வேண்டாம், காயம் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது என்றார் அவர். வீரையன் தலையாட்டிவிட்டுப் போனான்.

படகு திரும்பிய காலையில் துறைமுகத்தில் ஏலம் ஆரம்பித்துவிட்டிருந்தது. கையில் துணி சுற்றியபடி இறங்கினான். படகுப் பையன்கள் மட்டும் மீன் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் மீன் குவியலில் கையை விட்டிருக்கிறான். கெளுத்தி மீனின் முள் குத்திவிட்டது. துணி முழுக்கச் சிவந்திருந்தது. ஏலத்தில் மீன் எடுத்து விற்க வந்திருந்த அனுசுயா கூடையைக் கீழே போட்டுவிட்டு அவனை ஐஸ் பெட்டி மேல் உட்கார வைத்தாள். குத்திய இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

“ஏலம் போயிடும். நீ போய் எடு” என்றான்.

“போகட்டும். கையத் தூக்கிப் புடிங்க.”

அவள் விரலை எடுக்கவில்லை. நண்டும் இறாலும் ஏலம் போய், வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ரொம்ப நேரத்துக்குப் பிறகு ரத்தம் நின்றது.