காருக்குச் சாம்பிராணி

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆதிகேசவன் வீட்டுக் கொடியில் மனிதர்களின் துணி காயாது. அன்றைக்குக் கொடி காருடையது. கூரைக்கு ஒரு துண்டு, கதவுகளுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று என்று வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் கிளிப். ஒருமுறை அவர் மனைவி சரளா சக்கரத் துண்டு என்று தெரியாமல் அதைக் கொண்டு தோசைக்கல்லைப் பிடித்து இறக்கிவிட்டாள். அன்று பூராவும் மனுஷன் அவளோடு பேசவில்லை. தோசையில் கிரீஸ் வாசனை அடித்ததற்காக அல்ல. துண்டில் எண்ணெய் பட்டுவிட்டதாம்.

ஆதிகேசவன் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். ஆயுசு முழுக்க அடுத்தவன் சாமானைப் பூட்டிக் காத்த ஆள், தனக்கென்று ஒரு சாமான் வந்ததும் கொஞ்சம் புத்தி பிசகிப்போனார். செகண்ட் ஹேண்ட் கார்தான். அதை வாங்கியதில் தப்பில்லை. கறுப்பு நிறத்தில் வாங்கியதுதான் தப்பு. பெங்களூர் மர்பி டவுனில் அவர்கள் சந்துக்கு வருவது போர் தண்ணீர். அதை குக்கரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும். கறுப்புக் காரில் ஊற்றித் தானாகக் காய விட்டால் ஒவ்வொரு சொட்டும் காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் உட்கார்ந்துகொள்ளும். முதல் வாரம் காரைக் கழுவிவிட்டு நிம்மதியாக உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்தார். கார் முழுக்கத் தேமல். அன்று பிடித்தது சனி.

முதலில் தன் பழைய வேட்டியால் துடைத்தார். நூல் நூலாக ஒட்டியது. மேல்மாடி லவினா நியூஸ்பேப்பர்தான் நல்லது என்றாள்; கண்ணாடி பளபளத்தது, கதவில் ஒரு நகைக்கடை விளம்பரம் மங்கலாகப் பதிந்துவிட்டது. அடுத்து தரை தள்ளும் வைப்பர். அதன் ரப்பரில் சிக்கிய ஒரு மணல் துகள் பானட்டில் நீளமாகக் கோடு கிழித்தது, அந்தக் கோட்டை அவர் போகும்போதும் வரும்போதும் ஆறாத புண்ணைப் போலத் தடவிப் பார்ப்பார். ஆட்டுத்தோல் துணி ஒன்று வந்தது. காய்ந்தால் அது அப்பளமாக விறைத்துவிடும் என்பதால் ஊறப்போட இட்லி மாவுக் குண்டானை எடுத்துக்கொண்டார். கடைசியில் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் மகள் சங்கமித்ரா தடித்த மைக்ரோஃபைபர் துண்டுகளை அனுப்பிவைத்தாள். தேய்க்கக் கூடாது, விரித்துப் போட்டு மெதுவாக இழுக்க வேண்டும் என்று அதற்கு ஒரு வீடியோவும் இருந்தது. அதே மகள் அம்மாவுக்கென்று தனியாக வாங்கி அனுப்பிய ஹேர் டிரையர் நேரே காரின் கண்ணாடி மடிப்புக்கும் நம்பர் பிளேட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

சரளாவுக்குக் காரின் மேல் கோபமில்லை என்று சொன்னால் பொய். போன மழைக்காலத்தில் பஸ் கிடைக்காமல் அல்சூரிலிருந்து தொப்பலாக நனைந்து நடந்து வந்தாள். வாசலில் குடையோடு எதிரே வந்தார் கணவர். அவளுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. அவர் அவளைத் தாண்டிப் போய், கார் உறை விலகியிருந்த இடத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு, "நீ உள்ள போ சரளா, இது நனையுது" என்றார். அந்த வார்த்தை அவளுக்கு இன்னும் சீரணமாகவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத இடம் தங்கவயலில் இருந்தது. அங்கே அவள் தங்கை ரஞ்சிதம், ரஞ்சிதத்தின் மகள் வீணா. போன வருஷம் வீணா கல்யாணத்துக்கு இவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காரணம், டிக்கியின் ரப்பர் பீடிங்கில் ஈரம். இப்போது ஞாயிற்றுக்கிழமை வீணாவுக்கு வளைகாப்பு. பாட்டி இல்லாத அந்தப் பிறந்த வீட்டில் முதல் வளையல் போட வேண்டியவள் பெரியம்மா சரளா. மத்தியானத்துக்குள் போட்டாக வேண்டும். ரஞ்சிதம் போனில் சத்தமே போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இந்த வாட்டியும் நீ நேரத்துக்கு வரலைன்னா, எனக்கு அக்கா இல்லன்னு நெனச்சிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு சரளா விடியும் முன்னே தலைக்குக் குளித்தாள். அவளுக்குத் தலையில் சட்டென்று நீர் கோத்துக்கொள்ளும். அதனால் தூபக்காலில் கங்கு போட்டு, சாம்பிராணி தூவி, புகையில் கூந்தலை விரித்துக் காய வைத்தாள். அரக்குப் பட்டுப்புடவை கட்டி, வளையல் தட்டையும் பூவையும் பையில் வைத்து வெளியே வந்தாள். கார் சொட்டச் சொட்ட நின்றது. ஊருக்குப் போகிற கார் சுத்தமாகப் போக வேண்டாமா என்று ஆதிகேசவன் அப்போதுதான் கழுவி முடித்திருந்தார்.

கூரையைத் துடைத்தார். கதவுகளைத் துடைத்தார். சரளா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடியைத் துடைத்தார். அவள் பையைக் கீழே வைத்தாள். ஒருவழியாக எல்லாம் முடிந்து முன்கதவைச் சாத்தியபோது உள்ளே எங்கோ 'களக்' என்றது. ஆதிகேசவன் முகம் மாறிவிட்டது. கதவைத் திறந்து காதை வைத்து ஆட்டிப் பார்த்தார். கதவுக்கு உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. துண்டும் போகாத இடம், ஹேர் டிரையர் காற்றும் போகாத இடம். இப்படியே எடுத்துக்கொண்டு போனால் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துக் கதவு அரித்துவிடும் என்று, டாக்டர் கைவிட்ட நோயாளியைப் பார்ப்பது போல நின்றார்.

ஓட்டினால் தானாகக் காய்ந்துவிடும் என்றாள் சரளா. ஈரத்தில் ரோட்டுத் தூசி சேர்ந்தால் சேறாகிவிடும் என்றார் அவர். அப்போதுதான் அவள் அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைச் சொன்னாள்.

"அதுவும் தலைக்கு ஊத்திக்கினுதான நிக்குது. நீர் கோத்துக்கப் போவுது, சாம்பிராணி போடுங்க."

வயிற்றெரிச்சலில் சொன்னது. ஆனால் ஆதிகேசவனுக்குக் கிண்டல் புரிவதில்லை. மனைவியை அவர் ஏதோ முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தார். அவர் கண்ணில் அப்படியொரு மரியாதையை அவள் கல்யாணமான நாளிலிருந்து கண்டதில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்த் தூபக்காலை எடுத்துவந்தார். கங்கு இன்னும் அணையவில்லை. நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்து வைத்து, காரின் மேல் உறையைக் கூடாரமாக இழுத்துவிட்டு, அடியில் தூபக்காலைத் தள்ளி, கைநிறையச் சாம்பிராணியை அள்ளிப் போட்டார்.

புகை நன்றாகவே வந்தது. உறையின் நான்கு பக்கமும் குபுகுபுவென்று கிளம்பிச் சந்து முழுக்க நிறைந்தது. சரளா படியில் உட்கார்ந்துவிட்டாள். இது போதாது, இன்னும் ஒரு பொட்டலம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே அவர் சமையலறைக்குள் போனார். எந்த டப்பாவில் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக உருட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

மேல்மாடியில் லவினா சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து ஜன்னலைத் திறந்தாள். கார்கள் நின்ற இடத்திலேயே பற்றி எரியும் வீடியோக்களைத் தினமும் நாலு பேருக்கு அனுப்புகிறவள் அவள். கீழே எட்டிப் பார்த்தாள். யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நேரே தீயணைப்புக்குப் போன் போட்டுவிட்டாள்.

அவசரத்துக்குக் கூப்பிட்டால் ஆட்டோகூட வராத சந்து அது. ஞாயிற்றுக்கிழமையின் காலி ரோட்டில் தீயணைப்பு வண்டி என்னவோ பறந்து வந்தது. ஆட்கள் குதித்தார்கள், குழாயை இழுத்தார்கள், ஒருவர் உறையைப் பிடுங்கி எறிந்தார். சரளா ஐயோ நெருப்பில்லை, சாம்பிராணி, சாம்பிராணி என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நடுவில் ஓடினாள். பாவம், அவள் ஓடிய நேரமும் அவர்கள் தண்ணீரைத் திறந்த நேரமும் ஒன்றாகப் போயிற்று.

அந்தத் தண்ணீரின் வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பட்டுப்புடவை, பூ, கொண்டை எல்லாம் ஒரு நொடியில் போனது. அவளைக் கடந்து போன தண்ணீர், திறந்திருந்த நான்கு கதவுகள் வழியாகவும் காருக்குள் புகுந்து சீட்டைத் தெப்பமாக்கி, டிக்கி வழியே அருவியாக வெளியே கொட்டியது. சாம்பிராணிப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி ஆதிகேசவன் வாசலுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த இடத்தில் நனையாத ஒரே ஆள் அவர்தான்.

தீயணைப்பு அதிகாரி ஹரிஷ்குமார் குனிந்து தூபக்காலை எடுத்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். அவருடைய வேலையில் எதையெல்லாமோ அணைத்திருக்கிறார், சாமி வாசனை அடிக்கும் காரை அணைத்ததில்லை. சரளாவிடம் வந்து, "சாரிம்மா. பொகை வந்தா தண்ணி அடிக்கிறதுதான் எங்க கெலசா" என்று தன் வேலையைக் கன்னடம் கலந்து சொன்னார்.

சரளா கணவரைப் பார்த்தாள். அவர் தோளில் கூரைக்கான மாற்றுத் துண்டு கிடந்தது, தடித்தது, உலர்ந்தது. துண்டும் கையுமாக அவர் இறங்கி வந்தார். வந்தவர் அவளைத் தாண்டிப் போய் முன்சீட்டை அமுக்கிப் பார்த்தார். விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. சாயந்திரம் ஆகிவிடும் என்றார், அவளிடமா காரிடமா என்று தெரியவில்லை.

அவள் அழுவாள் என்று மாடியிலிருந்து லவினா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. வளையல் தட்டு இருந்த பையை எடுத்துக்கொண்டு ஹரிஷ்குமாரிடம் போய், வண்டி கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் வழியாகத்தானே திரும்பும் என்று கேட்டாள். தங்கவயலுக்குப் போகிற மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்க வேண்டும். இந்தக் கோலத்தில் எந்த ஆட்டோக்காரனும் ஏற்ற மாட்டான். அப்படி யாரையும் ஏற்ற ரூல்ஸ் இல்லை என்று சொல்லத்தான் ஹரிஷ்குமார் வாயெடுத்தார். அவள் புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். அது அவருடைய தண்ணீர். முன்கதவைத் திறந்துவிட்டார்.

ஆதிகேசவன் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"நான் போறேன்" என்றாள் சரளா, உயரத்திலிருந்து. "நீங்க அத காய வச்சிட்டு வாங்க. இல்ல, வராதீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

வண்டி கிளம்பியது. பக்கத்துக் கண்ணாடியில் அவர் சிறியதாகிக்கொண்டே தெரிந்தார். சந்துக்குள் சரியாக அந்நேரம் வெயில் இறங்கியது. பெங்களூரில் நாள் கணக்கில் முகம் காட்டாத வெயிலுக்கு அன்றைக்கென்று அவ்வளவு அவசரம். கார் மேல் கோடிச் சொட்டுகள் மின்னின. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றும் வெள்ளை வட்டமாகிவிடும். அவர் துண்டை விரித்ததைப் பார்த்தாள். அதற்கு மேல் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை இப்போது வந்தது, நன்றாகவே வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் ஹரிஷ்குமாருக்குத் தெரியவில்லை. முனையில் பால் வண்டியும் இரண்டு டெம்போவும் வழியை அடைத்து நின்றதில் தீயணைப்பு வண்டி சற்று நின்று, ஹாரன் அடித்து, திரும்பவும் நகர்ந்தது. அதன் பிறகு நிற்கவே இல்லை.

ஸ்டேஷன் வாசலில் இறங்கினாள். நன்றி சொன்னாள். திரும்பினால், வண்டியின் பின்புறம் குழாய்ச் சுருளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த ஆதிகேசவனை இரண்டு தீயணைப்புக்காரர்கள் விரல் விரலாகப் பிரித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலில் செருப்பு இல்லை. மூச்சு வாங்கியது. டெம்போ வழி விடுவதற்குள் ஓடிவந்து தொற்றிக்கொண்டதாகத் தெரிந்தது.

"கார்?" என்றாள்.

"வெயில்ல நிக்குது" என்றார். "கதவுகூட சாத்தல."

இரண்டு பேரும் படியேறிப் பிளாட்பாரத்துக்குப் போனார்கள். ரயில் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் சரளா ரஞ்சிதத்துக்குப் போன் செய்து, ஏறியாச்சு, மத்தியானத்துக்கு முன்னாடியே வந்துவிடுவோம் என்றாள். அந்தப் பக்கத்தில் ரஞ்சிதம் அழுதாள். ரயில் நகர்ந்ததும் காற்று அடித்தது, சரளாவுக்குப் பல் கிட்டியது. ஆதிகேசவன் பதறித் தோளைத் தடவினார். இடுப்பைத் தடவினார். துண்டு இல்லை. காரின் கூரைமேல் விரித்தது விரித்தபடி கிடக்க, அப்படியே ஓடிவந்துவிட்டார்.

அத்தனை துண்டுகளோடு வாழ்ந்த மனுஷன், அவள் நனைந்து உட்கார்ந்திருக்கும் நாளில் வெறுங்கையோடு எதிரே உட்கார்ந்திருந்தார். சரளாவுக்கு ஆத்திரம் வந்தது. சிரிப்பும் வந்தது. எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, விசேஷத்துக்கென்று இஸ்திரி போட்டிருந்த அவருடைய வெள்ளைச் சட்டையைப் பிடித்திழுத்து, அதில் முகத்தையும் கழுத்தையும் தலையையும் துடைத்துக்கொண்டாள். அழுந்தத் தேய்த்துத்தான் துடைத்தாள். அவள் முடிக்கும் வரை அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.