சோளமாவும் கோதண்டபாணியும்

காலாவதி அதிகாரி வந்தபோது சௌந்தரவல்லி மக்காச்சோள மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். கேக் சுடப் போகிறாள். மாவு அலமாரிக்குள் கிடந்தபடியே இரண்டு மூன்று தீபாவளி பார்த்துவிட்டது. பார்த்தால் என்ன?

அதிகாரி வாசலிலிருந்து அடுக்களைக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அரசாங்க ஆள் வந்தால் வீட்டு நடை நீண்டுகொள்ளும். அந்த ஊரில் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. மனுஷர் பாதி வழியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறார். மீசையில் ஒரு பருக்கை இருந்தது.

மாவுக் கவரைத் திருப்பிப் பார்த்தார். “தேதி முடிஞ்சிருச்சும்மா. எடுத்துட்டுப் போறேன்.”

“மோந்து பாத்தீங்களா?”

“மோந்து பாக்குறது எங்க வேலை இல்ல.”

அப்படியே திரும்பி, ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் கோதண்டபாணியின் பின்கழுத்தையும் பார்த்தார். அங்கே மனுஷர்களுக்குத் தேதி பின்கழுத்தில்தான் இருக்கும்.

“சாருக்கும் போன வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிருச்சு.”

கோதண்டபாணி பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அதிகாரி விரித்த சாக்குக்குள் தானாகவே இறங்கிக் குந்திக்கொண்டார். எதிர்வீட்டு ஏகாம்பரத்தையும் ரவையோடு சேர்த்து இப்படித்தான் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ரவையும் வரவில்லை.

சௌந்தரவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் போய்விட்டால் அவள் யாரோடு சண்டை போடுவாள்? சுவரோடா?

“சொன்னதும் போய் உக்காந்துட்டீங்களே, வெக்கமா இல்ல?”

“தேதி முடிஞ்சிருச்சுங்கறாரே, வல்லி,” என்றார் அவர் சாக்குக்குள்ளிருந்து.

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். “மாவு நல்லா இருந்தா?”

“நல்லா இருந்தா தேதி தப்புன்னு ஆயிரும். அப்புறம் சாரையும் விட்டுறணும். ஆனா அப்படி நடந்ததே இல்ல.”

“இன்னிக்கு நடக்கும். உக்காருங்க.”

சலித்ததில் ஒரு வண்டு இல்லை. கட்டி தட்டவில்லை, புழு நூல் கட்டவில்லை. உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தாள். காறல் வாடை இல்லை. ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டாள். கசக்கவில்லை, லேசாக இனித்தது. கெட்டிருந்தால் அவளே குப்பையில் கொட்டியிருப்பாள். அந்த விஷயத்தில் அவள் யாருக்கும் பாவம் பார்க்கிறவள் இல்லை.

குக்கரில் மணலைப் பரப்பினாள். காஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றினாள். மாவைக் கரைத்து உள்ளே வைத்தாள். கேக் எழும்பியது. மூடியைத் தூக்கிக்கொண்டு எழும்பி, அலமாரி உயரத்தில் நின்றது. வாசனைக்கு, எதிர்வீட்டில் பூட்டிக் கிடந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

அதிகாரி ஒரு துண்டு தின்றார். கேட்காமலே இன்னொன்று எடுத்தார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா தேதி முடிஞ்சிருச்சே.”

“அடப்பாவி! தின்ன வாய் இன்னும் காயலயே!”

“எங்க, உங்க தேதியக் காட்டுங்கம்மா.”

அவள் கொண்டையைத் தூக்கிக் காட்டினாள். அதிகாரி கிட்டப் போய்ப் பார்த்தார். தள்ளி நின்றும் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லையே!”

“தேங்கா நாரு போட்டுத் தேச்சுட்டேன்.”

“அப்படிச் செய்யக் கூடாதும்மா.”

“செஞ்சாச்சே. என்ன பண்ணப் போறீங்க?”

சௌந்தரவல்லி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தொட்டியடியில் கிடந்த நாரை எடுத்தாள். சாக்குக்குள் கையை விட்டுப் புருஷனின் தலையைக் குனிய வைத்தாள். அடிப்பிடித்த பால் சட்டியைத் தேய்ப்பதுபோல் தேய்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் கை நிற்கவில்லை.

“ஐயோ, எரியுதுடி!”

“எரியுதா? அப்ப நீங்க இன்னும் கெட்டுப்போகல. எந்திரிங்க மேல!”

கோதண்டபாணி எழுந்தார். கழுத்து பழம்போல் சிவந்திருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை.

அதிகாரி வாசல் பக்கம் பார்த்தார். அது வெகுதூரத்தில் இருந்தது. சட்டைக் காலரைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, அவள் முன்னால் வந்து குனிந்து நின்றார்.

“மெதுவாத் தேய்ங்கம்மா,” என்றார்.