நிலுவையில் தாய்மாமன்

என் வீட்டுக்காரர் முத்துச்செல்வத்துக்கு வேலையைச் செய்வதைவிட வேலையை எழுதி வைப்பதில்தான் ருசி அதிகம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். ஆவணி பிறப்பதற்குச் சற்று முன்னால் கம்பெனி அவரிடம் ஒரு செயலியைக் கொடுத்தது. செய்ய வேண்டிய வேலைகளைப் போனில் பட்டியல் போட்டு, ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுத்து, முடிந்ததும் டிக் அடிக்கிற செயலி. நிஜ வாழ்க்கையில் பயன்படுத்திப் பார்த்து, அதற்கு எத்தனை நட்சத்திரம் தேறும் என்று இவர் அறிக்கை எழுத வேண்டும்.

நிஜ வாழ்க்கைக்கு இவர் எங்கே போவார்? காய்ந்த துணியை மடிக்கச் சொன்னாலே மீட்டிங் இருக்கிறது என்பவர். நல்லவேளையாக என் தங்கை அபிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ரியல் யூசர்ஸ் உமா. ஒரு கல்யாணத்துல எவ்வளவு டாஸ்க் இருக்கு தெரியுமா?"

"தெரியும். நம்ம கல்யாணத்துல நீங்க செஞ்சது தாலி கட்டுனது மட்டுந்தான். அதுலயும் கடைசி முடிச்சை உங்க அக்காதான் போட்டா."

மூத்த மாப்பிள்ளை கேட்டு மறுக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அப்பா தங்கசாமி ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். ஒரு காலத்தில் தென்காசி பஸ் ஸ்டாண்டே அவரைக் கண்டால் ஒதுங்கும். அவர் தன் போனை மாப்பிள்ளையிடம் நீட்டிவிட்டு, ஒப்படைத்த சாமானைத் திரும்பக் கேட்கிற கைதி போல நின்றார். அப்பா, அம்மா, நான், சித்தப்பா பேச்சிராஜ், செங்கோட்டை மாமா பிச்சைமணி என்று எல்லோர் போனிலும் செயலி ஏறியது.

சித்தப்பாவுக்குத்தான் வாழ்வு வந்தது. அப்பாவின் தம்பியான அவர் எந்த விசேஷத்திலும் நாற்காலியை விட்டு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. டிக் அடித்தால் போனில் பூ மழை கொட்டி ஒரு பதக்கம் வருகிறது என்று தெரிந்ததும் ஆளே மாறிவிட்டார். தண்ணீர் குடித்ததைக்கூட வேலையாகப் போட்டு டிக் அடித்தார். 'இந்த வாரத்தின் முதல்வர்' என்று அவர் படம் எல்லோர் போனிலும் வந்தது.

அபியின் மாப்பிள்ளை வீட்டாருக்குக் குற்றாலத்தில் அறை எடுத்திருந்தோம். அவர்களை ஐந்தருவிக்குக் கூட்டிப்போவது அப்பா பொறுப்பு. அன்று பார்த்து அருவியில் வெள்ளம் திரண்டு, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். செயலிக்கு அது தெரியுமா? 'ஐந்தருவிக் குளியல் தாமதமாகிறது' என்று அப்பாவை விரட்டிக்கொண்டே இருந்தது. சம்பந்தி முன்னால் நாலு முறை மணி அடித்தபிறகு அப்பா வெறுத்துப்போய், எல்லோரும் குளித்தாயிற்று என்று டிக் அடித்தார். முப்பது வருஷம் போலீஸில் இருந்தவரைப் பொய் ரிப்போர்ட் எழுத வைத்த பெருமை அந்தச் செயலிக்கே சேரும்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. சிரிக்க முடியாதது மாலை விஷயம்.

முகூர்த்தத்தன்று மணப்பெண்ணுக்குப் போடுகிற மாலை தாய்மாமன் கொண்டுவருவது. இவர் அதையும் ஒரு வரியாகச் சேர்த்து, 'பொறுப்பு: பிச்சைமணி' என்று போட்டிருந்தார். அம்மா முப்பிடாதியம்மாள் பார்த்ததும் பதறினாள்.

"மாப்ளே, மாமன்காரனுக்கு நாம வேலை குடுக்கப்பிடாது. அது அவன் உரிமைல்லா. நாம கேக்காமலே கொண்டு வருவான்."

"அதெல்லாம் டிராக் பண்ணணும் அத்தை. இல்லேன்னா மிஸ் ஆயிரும்."

அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது இந்த ஒரு தம்பிதான். மாமாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. செங்கோட்டையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். கேரளாவுக்கு லோடு அனுப்புகிறார். கடையைவிட ரோஷத்தில்தான் அதிக முதலீடு. அபியின் காதுகுத்துப் பத்திரிகையில் தன் பெயர் இரண்டாவது வரிக்குப் போனதற்காக ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கமே வராதவர். அப்போது அம்மா ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தபடி அழுததை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான், அவர் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற நேரமாகப் பார்த்து, 'மாலை இன்னும் முடிக்கவில்லை' என்று போன் கத்தியது. மாமா தோவாளைப் பூச்சந்தையில் சொல்லி மாலைக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். ஆனால் டிக் அடிக்கவில்லை. தாய்மாமனை யார் கணக்குக் கேட்பது?

செயலி கேட்டது. கேட்டுக் கேட்டு, அவர் பெயரைச் சிவப்பாக்கி, 'நிலுவை' என்று எல்லோருக்கும் காட்டியது. அப்புறம் தானாகவே அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்து, அகர வரிசையில் அடுத்திருந்த பேச்சிராஜ் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டது. சித்தப்பா ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பதக்கம் கண்ணை மறைத்தது. நேரே தென்காசிக் கோயில் வாசல் பூக்கடைக்குப் போய் மாலைக்குச் சொல்லிவிட்டு டிக் அடித்தார். பூ மழை கொட்டியது.

விஷயம் எனக்குத் தெரிந்தபோது மாடிக்கு ஓடினேன்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? மாமன் மாலையைப் பங்காளி வாங்குதாரு!"

"அது ஆட்டோ ரீ-அசைன் உமா. இதோட பெஸ்ட் பீச்சரே அதான். மனுஷன் மறந்தாலும் வேலை நிக்காது."

அம்மா மாமாவுக்குப் போன் மேல் போன் போட்டாள். எடுக்கவில்லை. கடைசியில் அபி போட்டாள். எடுத்தார்.

"வருதேன் தாயி. உன் கல்யாணத்துக்கு வராம இருப்பனா?" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முகூர்த்தம் வரைக்கும் தேறினாள்.

குத்துக்கல்வலசை மண்டபத்துக்கு மாமா வந்தார். வெள்ளை வேட்டி, பக்கத்தில் அவர் மனைவி, எங்கள் அத்தை; கையில் மாலை இல்லை. நேரே போய் விருந்தாளிகளோடு நாலாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மேடையிலிருந்து ஐயர், "தாய்மாமன் மாலையோட வாங்கோ" என்று கூப்பிட்டார். மாமா அசையவில்லை.

அப்பாவே இறங்கிப் போனார்.

"மச்சான், நேரமாகுது. வாங்க."

"அதுக்குத்தான் ஆள் மாத்தியாச்சுல்லா அத்தான். போன்லயே வந்துச்சே. என் வீட்ல எல்லாரும் வாசிச்சாச்சு."

மேடையில் அபியின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் மாமா எழுந்தார். சித்தப்பா நீட்டிய மாலையை வாங்கி, அதைப் பார்க்காமல் அபியைப் பார்த்து, அவள் கழுத்தில் போட்டார். தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டு இறங்கினார். ரோஷக்காரர் என்று நான் கிண்டல் செய்த மனுஷன்தான். அந்த நிமிஷம் எனக்கு அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது.

தாலி கட்டி முடிந்த கையோடு, முதல் பந்தியில் மாமாவுக்கும் அத்தைக்கும் அம்மா தானே இலை போட்டுவிட்டுத் தேடினாள். ஆளைக் காணோம். மண்டப வாசலில், யாரோ தூரத்துச் சொந்தம் மாதிரி மொய் எழுதிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். அக்கா வீட்டுக் கல்யாணத்தில் கை நனைக்காமல் போயிருக்கிறார். அம்மா இலைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றாள்.

பந்தியின் மறுமுனையில் என் வீட்டுக்காரர் பாயசத்தை முடித்துவிட்டு அறிக்கை தட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலரப் போனைத் தூக்கிக் காட்டினார்.

"அத்தை, நூறு பெர்சன்ட்! ஒரு டாஸ்க் பாக்கி இல்லை. அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம் குடுக்கப் போறேன்."

அம்மா அவரிடம் போனாள்.

"மாப்ளே, என் தம்பி பேரை எடுத்துட்டு மாலைக்கு வேற ஆள் போட்டது நீங்களா?"

"நான் இல்லை அத்தை. அது தானாப் பண்ணிச்சு."

"அப்போ அதுகிட்டயே சொல்லுங்க. செங்கோட்டைக்குப் போயி, என் தம்பி கையைப் பிடிச்சுச் சாப்பிடக் கூட்டிட்டு வரட்டும்."

இவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரும் உட்காராத அந்த இரண்டு இலைகளையும் அம்மா தானே மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.