நானூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

மூளை ஆராய்ச்சி செய்கிறவருக்கு எங்கள் நிறுவனத்தில் எலி சார் என்று பெயர். எலிகள் பயத்தை எப்படி மறக்கின்றன என்று பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் நூலகர். பதவி உயர்வுக்கு நிற்பவர் என்னென்ன கட்டுரை எழுதினார், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று தேர்வுக் குழுவுக்கு அறிக்கை கொடுப்பது என் வேலை. எலி சாருக்கு இது கடைசி வாய்ப்பு. இந்த முறையும் பேராசிரியர் ஆகாவிட்டால் ஆய்வுக்கூடத்தைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அவருடைய பழைய கட்டுரை ஒன்று ஏழு வருடமாக, வருடத்துக்கு நாலு மேற்கோள் என்று சீந்துவாரில்லாமல் கிடந்தது. கடந்த ஒன்றரை வருடத்தில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு! எனக்குச் சுருக்கென்றது. மேற்கோளை விலைக்கு விற்கும் கும்பல்கள் இருப்பது எனக்குத் தெரியாதா என்ன?

அவர் வேறு இரண்டு நாளைக்கு ஒருமுறை நூலகத்துக்கு வந்து தலையைச் சொறிவார்.

"இப்ப எத்தனை ஆச்சும்மா?"

"திடீர்னு எப்படி சார் இவ்ளோ ஏறுது?"

"விபத்துல தப்பிச்சவங்களோட பயத்தைப் போக்க அந்தக் கட்டுரையில சொன்ன முறையிலதான் வைத்தியம் பாக்குறாங்களாம். எனக்கே நம்ப முடியலம்மா."

உங்களுக்கே நம்ப முடியவில்லை, நான் நம்ப வேண்டுமாக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் முப்பதை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். எலி சாரின் கட்டுரை அந்த இதழில் 431ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. முப்பது பேரும் 413 என்று போட்டிருந்தார்கள். முப்பது பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும்? ஒரே கைதான் எல்லாவற்றையும் எழுதியிருக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறுகூட இறங்கவில்லை.

"உனக்குப் போலீஸ்ல வேலை கிடைச்சிருக்கணும், இங்க வந்து புத்தகத்தை அடுக்கிட்டிருக்கே," என்றார் வீட்டுக்காரர்.

"சிரிங்க, சிரிங்க. நாளைக்கு எல்லாரும் என் பேச்சைத்தான் பேசப்போறாங்க."

மறுநாள் காலை அறிக்கையோடு ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பினேன். 'மேற்கோள்கள் ஐயத்துக்குரியவை.' தேர்வுக் குழுவின் கூட்டம் இரண்டு மணிக்கு. பன்னிரண்டுக்கு இயக்குநர் அம்மா கூப்பிட்டார்.

"நல்லாக் கண்டுபிடிச்சீங்க. அந்தத் தப்பு நம்பர் முதல்ல எங்கேர்ந்து வந்துச்சுன்னும் பாத்துட்டா, இன்னைக்கே முடிச்சுடலாம்."

வரிந்து கட்டிக்கொண்டு தேடினேன். தப்பான பக்க எண்ணோடு அந்தக் கட்டுரை முதன்முதலில் எங்கே வந்தது என்று வருடம் வருடமாகப் பின்னால் போனேன். கடைசியில் வந்து நின்ற இடம் எங்கள் நூலகத்தின் இணையப் பக்கம். நான் தட்டச்சு செய்த வெளியீட்டுப் பட்டியல். ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே நகலெடுக்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் தலைப்பு, இதழ், பக்கம் எல்லாம் அப்படியே வரும். எடுத்துப் போடுகிறவர்கள் யாரும் மூலத்தைப் பிரித்துச் சரிபார்ப்பதில்லை. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் போட்டிருக்கிறார்கள்.

ஏதோ உறுத்த, என் பழைய மின்னஞ்சல்களில் 413 என்று தேடினேன். ஒன்று கிடைத்தது, ஆறு வருடத்துக்கு முந்தியது. 'பக்க எண் 413 அல்ல, 431. நேரம் கிடைக்கும்போது மாற்றினால் போதும். அவசரமில்லை.' எழுதியவர் எலி சார். அதற்குக் கீழே என் பதில்: 'திருத்திவிட்டேன். நன்றி.'

திருத்தவில்லை. அன்று என்ன வேலையில் இருந்தேனோ, நினைவில்லை. வாய்க்கு வந்ததை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அந்த மின்னஞ்சலை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படியும் நினைத்தேன், மறைக்க மாட்டேன். ஐந்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு பிரதி எடுத்தேன்.

மேல்மாடிக்குப் போனபோது மணி இரண்டு அடித்துப் பத்து நிமிடம். கூட்ட அறையின் கதவு சாத்தியிருந்தது. வெளியே நாற்காலியில் எலி சார் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே தன்னைத் திருடன் என்று பேசிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

"எண்ணிக்கை ஏதும் மாறிடுச்சாம்மா?"

ஒரு பிரதியை நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அப்பவே திருத்திட்டேன்னு சொன்னீங்களேம்மா," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்னொரு பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.